தகப்பனாரிடம் கேட்ட ஒரு கேள்வி

ஏரியூரில் நிலக்கடலை மூட்டைகளின் எடையையும் விலையையும் மனக்கணக்காகவே கூட்டிப் பைசா பிசகாமல் சொல்லிவிடும் என் தகப்பனார், காகிதம் எதையேனும் கண்டால் மட்டும், கண்ணாடியை மறந்துவிட்டதாகச் சொல்லி என் தமக்கையிடம் நீட்டிவிடுவார். நானோ மூன்றாம் வகுப்பில் வாசிக்க எழுந்தபோதெல்லாம் பிரம்படி பெற்றவன். இவ்விரண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று நாற்பது வயது வரையில் எனக்குத் தோன்றியதே இல்லை.

என் மகன் ஏழாம் வயதில், 'கேழ்வரகு' என்ற சொல்லின் முதலெழுத்திலேயே நின்றுவிட்டான். ககர ஒலி முதலில் கேட்க, இரட்டைக்கொம்பு அதற்கு முன்னால் நிற்கும் விசித்திரம் அவனுக்குப் பிடிபடவில்லை. அன்றிரவு கூச்சத்தை விட்டுத் தகப்பனாரிடம் கேட்டேன். வெகுநேர மௌனத்திற்குப் பின், "கொம்பு முன்னால வருதா பின்னால வருதான்னு எனக்கு இன்னிக்கும் நிலைக்கல, சாமி" என்றார்.

1896ஆம் ஆண்டில் பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கில மருத்துவர், புத்திக்கூர்மை இருந்தும் வாசிக்க இயலாத பதினான்கு வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். அடுத்த பத்தாண்டுகளுக்குள்ளேயே, ஒரே குடும்பத்தில் பலருக்கு இச்சிரமம் இருப்பதை மருத்துவர்கள் கண்டுகொண்டார்கள். டிஸ்லெக்சியா எனப்படும் இச்சிரமம் உள்ள ஒருவரின் குழந்தைகளில், ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது வரக்கூடும் என்பது இன்றைய கணிப்பு. ஆயினும் அது ஒற்றை மரபணுவின் காரியமன்று; 2022இல் பத்து லட்சத்திற்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து வெளியான ஆய்வு, அதனோடு தொடர்புடைய 42 மரபணு இடங்களைக் காட்டியது. ஆகவே பரம்பரை என்பது எச்சரிக்கையே தவிர, தலைவிதி அன்று என்பது என் திடமான அபிப்பிராயம்.

பிறகு நான் செய்தது இதுதான்: முறத்தில் கேழ்வரகைப் பரப்பி, ஒலியை வாயால் சொன்ன பின்னரே விரலால் எழுத்தை வரையச் செய்தேன், தினமும் கால் மணி நேரத்திற்கு மேல் வற்புறுத்தவில்லை, பாடத்தை நானே தட்டுத்தடுமாறி உரக்க வாசித்து, தகப்பனும் தடுமாறுவான் என்பதை அவன் காணும்படி விட்டேன். இவற்றுள் கடைசியானதே பெரும்பயன் அளித்தது. அவன் அழுகை நின்றது. வாசிப்பில் வேகம் இன்னும் வரவில்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இக்குறைபாட்டை அங்கீகரித்துள்ளது. மருத்துவச் சான்றுடையோர்க்குத் தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம் கிடைக்கிறது. எழுத்தோடு போராடிய தகப்பன்மாரே, தாய்மாரே, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் நாளிலேயே உங்கள் கதையை ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள்.