நோடுக்குள் போகும் செய்தி: நினைவகம் பற்றிக் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

எம்பிஐ நிரல் எழுதுகிறவர்கள் செய்தி என்றதும் நோடுகளுக்கு இடையே ஓடும் கேபிளைத்தான் நினைக்கிறார்கள். இன்றைக்கு ஒரே நோடில் 48, 64, 128 கோர்கள் வந்துவிட்டன. பக்கத்துப் பக்கத்துக் கோர்களில் ஓடும் இரண்டு ப்ராசஸ்கள் பேசிக்கொள்ள நெட்வொர்க் தேவையில்லை. எம்பிஐ நூலகம் ஒரு துண்டு நினைவகத்தை இருவருக்கும் பொதுவாக வைக்கிறது. அனுப்புகிறவர் அதில் எழுதுகிறார், பெறுகிறவர் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறார்.

பல பேர் பகிர்ந்துகொள்ளும் கிளஸ்டரில் பாய்ம இயக்க நிரல்களை ஓட்டியும், மாணவர்களின் நிரல்களைச் சரிபார்த்தும் வருகிறேன். காரணம் புரியாமல் வந்து நிற்கும் சிக்கல்களில் கணிசமானவை இந்தப் பொதுத் துண்டில்தான் தொடங்குகின்றன. அதனால் நிரலைத் திறப்பதற்கு முன் நான்கு கேள்விகள் கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

1. எவ்வளவு இடம் இருக்கிறது?

எம்பிச் என்ற எம்பிஐ நூலகத்தின் முதல் தலைமுறையில் இந்த இடத்தின் அளவை ஒரு சூழல் மாறியில் முன்கூட்டியே சொல்ல வேண்டியிருந்தது. பெரிய செய்தி வந்து அது நிரம்பினால் ஜாப் அங்கேயே விழும். லினக்ஸிலும் ஒரு ஷேர்டு மெமரி துண்டுக்கு 32 எம்பி என்ற இயல்பு வரம்பு நெடுங்காலம் இருந்தது. 2014-இல் வந்த லினக்ஸ் 3.16 அந்த வரம்பை ஏறக்குறைய நீக்கிவிட்டது.

ஆனால் சிக்கல் இடம் மாறியிருக்கிறது, தீரவில்லை. இன்று பல நூலகங்கள் பயன்படுத்தும் /டெவ்/ஷெம் அடைவுக்கு இயல்பாகக் கிடைப்பது மொத்த ராமில் பாதி. அதே நிரலை டாக்கர் கன்டெய்னருக்குள் ஓட்டினால் கிடைப்பது வெறும் 64 எம்பி. இடம் போதாதபோது 'நினைவகம் இல்லை' என்று தெளிவாகச் செய்தி வராது, பெரும்பாலும் 'பஸ் எரர்' என்றுதான் வரும். துண்டை இணைக்கும்போது கெர்னல் சரி என்று சொல்லிவிடுகிறது. உண்மையான பக்கத்தை அது தேடுவது நாம் முதல் முறை எழுதும்போதுதான். அப்போது இடம் இல்லையென்றால் ப்ராசஸ் சாகிறது. கன்டெய்னரில் 'பஸ் எரர்' கண்டால் பாயின்டர் பிழையைத் தேடி இரவைக் கழிக்காதீர்கள். முதலில் 'டிஎஃப்' கட்டளையில் /டெவ்/ஷெம் அளவைப் பாருங்கள்.

இதோடு சேர்ந்தது இன்னொன்று. சிறிய செய்தியை நூலகம் தன் பஃபரில் வாங்கி வைத்துக்கொண்டு அனுப்புகிறவரை உடனே விட்டுவிடும். ஒரு வரம்பைத் தாண்டிய செய்திக்கு, பெறுகிறவர் தயாராகும்வரை காக்க வைக்கும். இரண்டு ப்ராசஸ்களும் முதலில் 'செண்ட்', பிறகு 'ரிசீவ்' என்று எழுதியிருந்தால் சிறிய தரவில் நிரல் ஓடும், பெரிய தரவில் உறைந்து நிற்கும். பஃபர் வரம்பைக் கூட்டுவது மருந்தாகாது. சோதனைக்காக எல்லா 'செண்ட்'டையும் 'எஸ்செண்ட்' ஆக்கிப் பாருங்கள். அது பெறுகிறவர் வரும்வரை எப்போதும் காத்திருக்கும், மறைந்திருந்த முடக்கம் சின்னத் தரவிலேயே வெளிப்பட்டுவிடும்.

2. அது எங்கே இருக்கிறது?

இரண்டு சாக்கெட் உள்ள நோடில் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் அருகில் தனி நினைவகம் உண்டு. லினக்ஸ் இயல்பாக, ஒரு பக்கத்தை முதலில் தொடுகிற கோருக்கு அருகில்தான் அதை வைக்கிறது. ராங்க் 0 மட்டும் முழு அணிக்கும் சுழியம் எழுதினால், மொத்த அணியும் ஒரே சாக்கெட்டின் பக்கம் போய்விடும். அவரவர் பங்கை அவரவரே நிரப்பட்டும். ப்ராசஸ்களைக் கோரோடு பிணைத்தும் விடுங்கள், இல்லையென்றால் அவை இடம் மாறி, செய்த ஏற்பாடு வீணாகும்.

3. யார், எப்போது படிக்கலாம்?

2012-இல் வந்த எம்பிஐ 3.0, ஷேர்டு மெமரியை நிரலாளரின் கையிலேயே கொடுத்தது. எல்லா ப்ராசஸ்களும் படிக்க மட்டும் செய்கிற 2 ஜிபி அட்டவணை ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். 48 ப்ராசஸ்கள் ஆளுக்கொரு பிரதி வைத்தால் 96 ஜிபி. நோடுக்கு ஒன்று போதும். 'காம் ஸ்ப்ளிட் டைப்' கொண்டு நோடுவாரியாகப் பிரித்து, 'வின் அலகேட் ஷேர்டு' அழைப்பில் ஒரு ராங்க் 2 ஜிபி கேட்கட்டும், மற்றவர்கள் சுழியம் கேட்டு, 'ஷேர்டு குவெரி' மூலம் முகவரியை வாங்கிக்கொள்ளட்டும். அந்த முகவரி ப்ராசஸுக்கு ப்ராசஸ் மாறும். ஆகவே துண்டுக்குள் பாயின்டரைச் சேமிக்கக் கூடாது, தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி என்பதைச் சேமியுங்கள்.

ஒருவர் எழுதி மற்றவர் படிக்கும் இடத்தில் 'பேரியர்' மட்டும் போட்டு நிறுத்திவிடாதீர்கள். பேரியருக்கு முன்னும் பின்னும் 'வின் சிங்க்' வேண்டும். இன்டெல், ஏஎம்டி சில்லுகள் இந்தக் குறையைப் பெரும்பாலும் மறைத்துவிடும். ஆர்ம் சில்லு நினைவகத்தில் எழுதும் வரிசையை அவ்வளவு கறாராகக் காப்பதில்லை. நேற்று வரை சரியாக ஓடிய நிரல் அங்கே தவறான விடை தரலாம்.

இப்படிப் பகிர்ந்ததால் நினைவகம் எவ்வளவு மிச்சமானது என்று 'டாப்' கட்டளையின் 'ரெஸ்' எண்ணைக் கூட்டி அளக்காதீர்கள். அது பொதுப் பக்கங்களை ஒவ்வொரு ப்ராசஸின் கணக்கிலும் சேர்த்துவிடும். பொதுப் பக்கத்தைப் பங்கு போட்டுக் காட்டும் 'பிஎஸ்எஸ்' எண்ணைக் கூட்டுங்கள்.

4. யார் துடைப்பது?

நான் மாணவர்களிடம் அதிகம் வலியுறுத்துவது இதைத்தான். ப்ராசஸ் செத்தாலும் ஷேர்டு மெமரி தானாகச் சாகாது. பாதியில் கொல்லப்பட்ட ஜாப் விட்டுப்போன துண்டு ராமிலேயே கிடக்கும். அடுத்து வருகிறவரின் ஜாப் காரணமில்லாமல் விழும், அவர் தன் நிரலைச் சந்தேகிப்பார். ஊர்க் களத்தில் கதிரடித்தவர் களத்தைக் கூட்டிவிட்டுப் போவார், அடுத்த வீட்டு நெல் வர வேண்டும் என்பதால். நோடும் அப்படித்தான்.

'ஐபிசிஎஸ்' கட்டளையில் இணைந்தோர் எண்ணிக்கை சுழியம் என்று காட்டும் துண்டு உங்களுடையதுதானா, ஓடும் ஜாப் எதற்கும் வேண்டாததுதானா என்று உறுதிசெய்துவிட்டு 'ஐபிசிஆர்எம்' கொண்டு நீக்குங்கள். /டெவ்/ஷெம் அடைவிலும் உங்கள் பெயரில் பழைய கோப்பு இருக்கிறதா பாருங்கள்.

இதைவிட நல்லது, குப்பையே சேராமல் எழுதுவது. துண்டை நேரடியாக நீங்களே உருவாக்குவதாக இருந்தால், எல்லா ப்ராசஸ்களும் அதைத் திறந்து இணைத்த உடனேயே 'ஷெம் அன்லிங்க்' அழைத்துவிடுங்கள். பெயர் மறையும், நினைவகம் இருக்கும். கடைசி ப்ராசஸ் போனதும், அது ஒழுங்காக முடிந்தாலும் நடுவில் விழுந்தாலும், கெர்னலே இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஆகவே துண்டைத் திறக்கும் வரியை எழுதும் அன்றே அன்லிங்க் வரியையும் எழுதிவிடுங்கள். நிரல் வளர்ந்த பிறகு அதைச் சேர்க்க யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை.