வீட்டில் தனியே இருக்கும்போது நெஞ்சு வலித்தால்

கொழுந்து எடுக்கும் நேரத்தில் லயத்தில் யார் இருப்பார்கள்? வயசானவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், காய்ச்சல் என்று பேர் போடாமல் நின்றவர்கள். அவர்களில் ஒருவருக்குத் திடீரென்று ஏதாவது வந்தால் என்ன செய்வது? இம்முறை அதைத்தான் பேசப் போகிறோம்.

கல்முனையில் புடவைக் கடைகளில் வேலை செய்யும் நம் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்க்கப் போயிருந்தோம். அங்கே ஒரு முதலாளியின் உம்மா தனக்கு நடந்ததைச் சொன்னார். வெள்ளிக்கிழமை. ஆண்கள் எல்லாரும் ஜும்ஆவுக்குப் போய்விட்டார்கள். நெஞ்சை யாரோ அமுக்குவது போல இருந்ததாம், வேர்த்துக் கொட்டியதாம். மகனுக்கு மூன்று தரம் கோல் எடுத்தார். பள்ளிவாசலில் போனை யார் திறந்து வைப்பார்கள்? பத்து நிமிஷம் அதிலேயே போயிற்று. பிறகுதான் சுவரில் பேத்தி ஒட்டிவைத்த துண்டு கண்ணில் பட்டது. 1990 என்ற இலக்கமும், வீட்டுக்கு வரும் வழியும் அதில் இருந்தன. இன்ன பள்ளிவாசல், பின்னால் இரண்டாவது ஒழுங்கை, பச்சை கேற் என்று பார்த்தே வாசித்தாராம். கேற்றைத் திறந்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். அம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. "அந்தத் துண்டு இல்லாட்டி என்ட ஊட்டு வழியே வாயில வந்திருக்காது மனே" என்றார்.

1990 என்பது சுவசெரிய அம்புலன்ஸ் சேவை. 2016 ஜூலையில் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பின்பு மற்ற மாகாணங்களுக்கும் வந்தது. கோலுக்கும் காசில்லை, வண்டிக்கும் காசில்லை. தமிழிலேயே பேசலாம்.

நம் பக்கத்தில் மகன் பள்ளிவாசலில் இல்லை, மலையில் நிற்கிறார். அங்கே சிக்னலும் இருக்காது. கல்முனையில் அஷ்ரப் வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. நமக்கோ தூரம். ஆகையால் முதல் கோல் 1990க்கு, சொந்தக்காரருக்கு அடுத்தது. தோட்டத்தின் பெயர், டிவிஷன், லய இலக்கம், எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும், வண்டி எதுவரை வரும் என்பவற்றைச் சொல்லுங்கள். லயம் வரை ரோட்டு இல்லையென்றால் கொழுந்து மடுவத்தையோ கோயிலையோ அடையாளமாகச் சொல்லுங்கள். அவர்கள் வைக்கச் சொல்லும் வரை போனை வைக்காதீர்கள்.

பிறகு கதவுத் தாழ்ப்பாளை எடுத்துவிட்டு உட்காருங்கள். டிஸ்பென்சரிக்குத் தனியே இறங்கி நடக்க வேண்டாம். பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்க ஒரு தட்டத்தைத் தட்டுங்கள். தனியே இருக்கையில் மாரடைப்பு வந்தால் பலமாக இருமினால் போதும் என்று போனில் ஒரு செய்தி சுற்றுகிறது. டாக்டர்மார் அதை ஏற்பதில்லை. இருமிக்கொண்டிருந்தால் நேரம்தான் போகும். வாய் ஒரு பக்கம் கோணினாலும், ஒரு கை தூக்க வராவிட்டாலும், பேச்சுக் குழறினாலும் அதுவும் இதே அவசரம்தான். தைலம் தேய்த்துப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள்.

இந்த மாதம் டிவிஷன் டிவிஷனாக வருகிறோம். உங்கள் காம்பராவுக்கு வரும் வழியை ஒரு துண்டில் பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள். எழுத முடியாதவர்களுக்கு நாங்களே எழுதித் தருகிறோம்.