நூன் வரி எங்கே?

பாளையங்கோட்டை

அன்புள்ள மகள் ஜெபாவுக்கு,

எபிரேய எழுத்துகள் கைவந்துவிட்டன என்று நீ எழுதியதைச் சித்திக்கும் வாசித்துக் காட்டினேன். வீட்டில் ஒரு தலைமுறை தாண்டி மறுபடியும் ஒருத்தி எபிரேயம் படிக்கிறாள் என்பதில் அவளுக்குத்தான் என்னைவிடப் பெருமை.

கூடவே நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த பட்டியலையும் பார்த்தேன். இணையதளங்கள், செயலிகள், பிடிஎஃப் கோப்புகள் என்று விரல் வலிக்கும்வரை கீழே தள்ளிக்கொண்டே போக வேண்டியிருந்தது. கடைசியில் ஒரு கேள்வி: வேதாகம மென்பொருள்களில் லோகோஸ் வாங்கலாமா, அக்கார்டன்ஸ் வாங்கலாமா? உன் அப்பாவிடம் கேட்டால் யோசிக்காமல் பணம் அனுப்பிவிடுவார். அவரிடம் போகுமுன் என்னிடம் கேட்டாயே, அதுவரை நல்லது.

இப்போதைக்கு எதையும் வாங்காதே. பைபிள்ஒர்க்ஸ் என்று ஒரு மென்பொருள் இருந்தது. வேதாகம மொழிகள் கற்பிப்பவர்கள் பலர் அதைக் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வார்கள். 2018-இல் அந்த நிறுவனம் மூடப்பட்டது. காசு கொடுத்து வாங்கிய நூலகம் ஒரு கம்பெனியின் ஆயுளோடு கட்டுண்டு கிடக்கிறது என்பதை அதற்குப் பிறகுதான் பலர் யோசித்தார்கள். முதலாண்டு மாணவிக்கு வேண்டியதில் பெரும்பங்கு இலவசமாகவே கிடைக்கிறது. கேம்பிரிட்ஜில் உள்ள டிண்டேல் ஹவுஸ் உருவாக்கிய ஸ்டெப் பைபிளை மடிக்கணினியில் இறக்கிவை. இணையம் இல்லாமலும் ஓடும். விடுதியில் வைஃபை படுத்தும் பாட்டை நீயே எழுதியிருந்தாய்.

என் கவலை காசைப் பற்றியது அல்ல. அந்தப் பட்டியலில் எது என்ன வகை என்று நீ பிரிக்கவே இல்லை. ஏட்டின் படம் ஒன்று. அந்த ஏட்டை எழுத்தெழுத்தாகப் பார்த்துத் தட்டச்சு செய்த பாடம் இன்னொன்று. பல ஏடுகளை ஒப்பிட்டு, இதுதான் சரியாக இருக்கும் என்று ஒரு பதிப்பாசிரியர் தீர்மானித்துக் கொடுத்தது மூன்றாவது. அகராதி, எண் போட்ட சொல்லடைவு எல்லாம் அதற்கும் அப்பால். அச்சுப் புத்தகமாக இருந்தால் அட்டையும் முன்னுரையும் இதைச் சொல்லிவிடும். திரையில் எல்லாம் ஒரே எழுத்துருவில் ஒரே வெள்ளைப் பக்கத்தில் வந்து நிற்கிறது. ஒவ்வொன்றைத் திறக்கும்போதும் இது எந்த ஏட்டிலிருந்து, யார் கைவழியாக வந்தது என்று கேட்கப் பழகு. நான் உனக்குச் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் சும்மா சொன்னால் மண்டையில் ஏறாது. ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கொண்டு என்னோடு வா.

145-ஆம் சங்கீதத்தைத் திற. இது எபிரேய அகரவரிசைப் பாட்டு. ஒவ்வொரு வசனமும் அடுத்தடுத்த எழுத்தில் தொடங்கும். ஆத்திசூடி சொல்லி வளர்ந்த நமக்கு இந்த அமைப்பு புதிதில்லை; ஓர் எழுத்து விட்டுப்போனால் காதே காட்டிக்கொடுத்துவிடும். எபிரேயத்தில் 22 எழுத்துகள். இந்தச் சங்கீதத்திலோ 21 வசனங்கள். எண்ணிக்கொண்டே வா: 13-ஆம் வசனம் மேம், 14-ஆம் வசனம் சாமெக். நடுவில் வர வேண்டிய நூன் இல்லை.

நீ பார்த்தது லெனின்கிராட் ஏட்டின் பாடம். 1008-ஆம் ஆண்டையொட்டிக் கெய்ரோவில் எழுதப்பட்ட ஏடு, இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ரஷ்யத் தேசிய நூலகத்தில் இருக்கிறது. ஊர்ப்பெயர் மாறியும் ஏட்டின் பெயர் மாறவில்லை. முழு எபிரேய வேதாகமமாக, தேதியோடு நமக்குக் கிடைத்தவற்றில் பழையது இதுதான். இதை அடிப்படையாகக் கொண்ட ஸ்டுட்கார்ட் அச்சுப் பதிப்பை 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கணினியில் ஏற்றினார்கள். மிச்சிகன், கிளேர்மான்ட் என்ற இரண்டு இடங்களின் பெயரும் அந்தக் கோப்பில் ஒட்டிக்கொண்டது. பிறகு பிலடெல்பியாவில் வெஸ்ட்மின்ஸ்டர் இறையியல் பள்ளியைச் சேர்ந்தவர்கள் அதை ஏட்டோடு ஒத்துப்பார்த்துத் திருத்தினார்கள். இன்று இலவசமாகக் கிடைக்கும் எபிரேயப் பாடங்களில் பெரும்பாலானவை இந்தக் கோப்பின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே. ஆகவே ஐந்து செயலிகளைத் திறந்து, ஐந்திலும் நூன் இல்லை என்று கட்டுரையில் எழுதினால் ஐந்து சாட்சி ஆகாது. ஒரே சாட்சியை ஐந்து தரம் கூப்பிட்டிருக்கிறாய்.

அடுத்து கிரேக்கம். எழுபதின்மர் மொழிபெயர்ப்பில் 145-ஐத் திறந்தால் வேறு சங்கீதம் வரும், பதறாதே. கிரேக்கத்தில் 9-ஆம் 10-ஆம் சங்கீதங்கள் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. அதிலிருந்து எண் ஒன்று பின்தங்கும். நீ பார்க்க வேண்டியது 144. ஆங்கிலத்தில் வேண்டுமானால் 2007-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட நெட்ஸ் மொழிபெயர்ப்பு பகுதி பகுதியாக இலவச பிடிஎஃப்பில் இருக்கிறது. அங்கே 13-க்கும் 14-க்கும் நடுவே ஒரு வரி கூடுதலாக இருக்கும். கர்த்தர் தம் சொற்களில் உண்மையுள்ளவர் என்பது அதன் கருத்து. எபிரேயத்தில் திருப்பிப் போட்டால் முதல் சொல் நூனில் தொடங்கும்!

இங்கே ஒருநாள் நின்று, சினாய் ஏட்டின் இணையதளத்தையும் பார்த்துவிடு. 4-ஆம் நூற்றாண்டுக் கிரேக்க ஏடு அது. அறிஞர் திஷென்டார்ஃப் 1844-இல் சினாய் மலை மடத்தில் அதன் சில தாள்களைக் கண்டதிலிருந்து தொடங்கிய கதையில் வாங்கியதும் கொடுத்ததும் எடுத்துப்போனதும் பற்றி இன்றும் மனக்கசப்பு உண்டு. சோவியத் அரசு 1933-இல் தன்னிடமிருந்ததில் பெரும்பகுதியை 1,00,000 பவுண்டுக்குப் பிரிட்டனுக்கு விற்றது. இப்போது ஏடு லண்டன், லைப்சிக், செயின்ட் பீட்டர்ஸ்பர்க், சினாய் என்று நான்கு இடங்களில் சிதறிக்கிடக்கிறது. 2009-இல் நான்கையும் திரையில் ஒன்றாக்கினார்கள். தட்டச்சுப் பாடத்தில் ஒரு சொல்லைத் தொட்டால் படத்தில் அந்தச் சொல்லைச் சுற்றிக் கட்டம் விழும். நேர் வெளிச்சத்தில் எடுத்த படத்தை மாற்றிச் சாய்வு வெளிச்சப் படத்தைப் போடு. தோலின் சுருக்கமும், எழுதுபவர் வரிக்காகக் கீறிய கோடும் தெரியும். ஓரத்தில் பின்னால் வந்த கைகள் செய்த திருத்தங்களும் உண்டு. நம்முடைய வேதம் மனுஷர் கைகளின் வழியாகத்தான் வந்தது என்பதை வகுப்பில் பத்துத் தரம் சொல்லியிருக்கிறேன். அந்தக் கீறல் கோட்டைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டியதில்லை.

சரி, அந்த நூன் வரியைக் கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் தாங்களாகச் சேர்த்துக்கொண்டார்களா? 1956-இல் சாக்கடல் கரையிலுள்ள கும்ரானின் 11-ஆம் குகையில் ஒரு பெரிய சங்கீதச் சுருள் கிடைத்தது. இஸ்ரேல் தொல்பொருள் துறை 2012-இல் தொடங்கிய லியான் லெவி சாக்கடல் சுருள் தளத்தில் அதன் படங்கள் இருக்கின்றன. கி.பி. 1-ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக் கையெழுத்து. அடிப்பகுதி முழுக்க மக்கிப்போயிருக்கும். மற்ற எழுத்தெல்லாம் நீ இப்போது படிக்கும் சதுர எழுத்து. கர்த்தரின் நாமம் வரும் இடத்தில் மட்டும் எழுதியவர் பழைய எபிரேய எழுத்துக்கு மாறிவிடுகிறார். அந்த நான்கு எழுத்துகளைக் கண்டுபிடித்துப் பக்கத்தில் விரல் வைத்துப் படி. அந்தச் சுருளில் நம்முடைய சங்கீதத்தின் மேம் வரிக்குப் பிறகு நூன் வரி இருக்கிறது, எபிரேயத்திலேயே. பெஷீட்டா என்னும் சீரிய மொழிபெயர்ப்பிலும் உண்டு. சின்சினாட்டி ஹீப்ரு யூனியன் கல்லூரியின் அரமேய அகராதித் தளத்தில் அதைச் சொல் சொல்லாகப் பிரித்துப் படிக்கலாம். (சீரியம் பிடித்துப்போனால் வெளிநாட்டுக்கு ஓட வேண்டாம், கோட்டயத்தில் சீரி என்ற சீரிய ஆய்வு நிறுவனம் இருக்கிறது.)

இத்தோடு முடிந்தது, நூன் வரி தொலைந்துபோய்க் கிடைத்துவிட்டது என்று எழுதிவிடத் தோன்றும். பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். இன்னும் இரண்டு சாட்சிகளைக் கூப்பிடு.

லத்தீன் மொழிபெயர்ப்பாளர் ஜெரோம் சங்கீதங்களை ஒரு தரம் அல்ல, பல தரம் கையில் எடுத்தவர். வுல்காத்தா என்னும் லத்தீன் வேதாகமத்தில் வழக்கமாக அச்சாவது கிரேக்கத்தைத் தழுவி அவர் திருத்திய சங்கீதம். அதில் இந்த வரி உண்டு. பிறகு பெத்லகேமில் உட்கார்ந்து எபிரேயத்திலிருந்தே நேராக மொழிபெயர்த்தார். அதில் இல்லை. ஆகவே 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர் மேசைமேல் இருந்த எபிரேயப் படியில் நூன் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். நீ திறக்கும் லத்தீன் தளம் இந்த இரண்டில் எதைத் தருகிறது என்று முகப்பிலேயே சொல்லாது, தோண்டிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது செஃபாரியா தளம். யூத நூல்கள் மூலமும் மொழிபெயர்ப்புமாக அங்கே இருக்கின்றன. தால்முதில் பெராகோத் 4ஆ பக்கத்தைத் திற. 3-ஆம் நூற்றாண்டில் திபேரியாவில் இருந்த ரபீ யோகனான், இந்தச் சங்கீதத்தில் ஏன் நூன் இல்லை என்று கேட்டு, அந்த எழுத்தில் தொடங்கும் ஆமோஸ் 5:2 இஸ்ரவேலின் வீழ்ச்சியைப் பேசுகிறது என்று காரணம் சொல்கிறார். காரணம் நமக்கு ஒப்புதலாக இருக்க வேண்டியதில்லை. அவர் காலத்திலேயே நூன் இல்லாத பாடம் ஊரறிந்த பாடமாக இருந்தது என்பதுதான் நமக்கு வேண்டியது.

அப்படியானால் யார் சரி? விட்டுப்போனது என்பவர்கள் உண்டு, இடைவெளியைக் கண்டு யாரோ பின்னால் நிரப்பினார்கள் என்பவர்களும் உண்டு. 17-ஆம் வசனத்தைப் பார். அதன் பின்பாதியும் நூன் வரியின் பின்பாதியும் சொல்லுக்குச் சொல் ஒன்று. முன்பாதியிலோ கும்ரான் சுருள் தேவன் என்கிறது, கிரேக்கம் கர்த்தர் என்கிறது. அந்தச் சுருள் இதே சங்கீதத்தில் வசனத்துக்கு வசனம் ஒரு பல்லவியையும் சேர்த்துக்கொள்கிறது. எனக்கு நிரப்பினார்கள் என்ற பக்கமே சாய்வு. உன் பேராசிரியர் மறுத்தால் அவரோடு நன்றாக வாதாடு, என்னை இழுக்காதே. நம் பழைய வேதாகமத்தில் 13-ஐ அடுத்து நேரே 14 வந்துவிடும். 1995-இல் வந்த திருவிவிலியத்தில் அந்த இடத்தைப் பார்த்து, அடிக்குறிப்போடு எனக்கு எழுது.

அகராதி விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை பெரும்பாலும் பதிப்புரிமை முடிந்தவை. சொல்லடைவில் வரும் ஸ்ட்ராங் எண்கள் 1890-இன் சரக்கு. பிரவுன்-டிரைவர்-பிரிக்ஸ் எபிரேய அகராதி 1906-இல் முடிந்தது. உகரித் களிமண் பலகைகள் 1929-இல், சாக்கடல் சுருள்கள் 1947-இலிருந்து கிடைத்தன. அந்த அகராதிக்காரர்கள் எவ்வளவு பெரியவர்களானாலும் இவற்றைப் பார்த்ததில்லை. தேயரின் கிரேக்க அகராதியும் அப்படியே, எகிப்தின் பாப்பிரஸ் தாள்கள் குவியுமுன் எழுதியது. தினசரிப் பாடத்துக்கு இவை போதும். கட்டுரை எழுத உட்காரும்போது கல்லூரி நூலகத்தில் ஏறி கோலர்-பாம்கார்ட்னரை எடுத்துப் பார். ஸ்ட்ராங் எண்ணைச் சொடுக்கியதும் கொட்டும் அர்த்தங்களில் பிரசங்கத்துக்கு எது இனிக்கிறதோ அதைப் பொறுக்கிக்கொள்ளும் வழக்கம் நம் பிரசங்கிமாரிடம் இருக்கிறது. அது உனக்கு வேண்டாம். சாட்ஜிபிடியிடம் கேட்டால் இல்லாத ஏட்டுக்கும் எண் கொடுத்துவிடும். அது சொன்ன எதையும் படத்தில் பார்க்காமல் எழுதாதே.

இன்னொன்று. நீ எப்படியும் மாற்கு 16-ஐத் தேடிப் போவாய், எல்லாரும் போகிறார்கள். வத்திக்கான் நூலகத் தளத்தில் அவர்களுடைய புகழ்பெற்ற கிரேக்க ஏட்டில் 8-ஆம் வசனத்தோடு சுவிசேஷம் நின்று, அடுத்த பத்தி வெறுமையாக விடப்பட்டிருப்பதைக் காண்பாய். சினாய் ஏட்டிலும் அங்கேயே முடிகிறது. பார்த்த சூட்டில் அடுத்த ஞாயிறு பிரசங்க பீடத்தில் அதைக் கொட்டிவிடாதே. போன வாரம் கணவனை அடக்கம் செய்த அம்மாள் ஒருத்தி முன்வரிசையில் இருப்பாள். வேதபாட வகுப்பில், ஒரு மணி நேரம் கையில் இருக்கும்போது, படத்தைக் காட்டி, கேள்வி கேட்கவிட்டுச் சொல். நம் ஜனங்கள் நீ நினைப்பதைவிட நன்றாகவே தாங்குவார்கள். மறைத்தார்கள் என்று தெரிந்தால்தான் தாங்கமாட்டார்கள்.

விடுமுறைக்கு வருமுன் உனக்கு ஒரு வேலை. ஆதியாகமம் 4:8. காயீன் ஆபேலிடம் பேசினான் என்று இருக்கிறது. என்ன பேசினான்? எபிரேயம், சமாரியப் பாடம், கிரேக்கம், பெஷீட்டா, லத்தீன் ஐந்தையும் பார். ஒவ்வொன்றுக்கும் எதிரே நீ பார்த்தது படமா, தட்டச்சா, பதிப்பா என்று ஒரு சொல் எழுதி அனுப்பு. தட்டச்சு என்றால் யாருடையது என்றும் சேர்த்து எழுது. பிழை இருந்தால் சிவப்பு மையில்தான் திருப்பி அனுப்புவேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

சித்தி முறுக்கு அனுப்பியிருக்கிறாள். விடுதிப் பிள்ளைகளுக்கும் கொடு.

அன்புடன்,
சித்தப்பா