மின்சாரம் தராத படலம்

பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது என்றுதான் நாம் பள்ளியில் படித்தோம். 1977-ஆம் ஆண்டு ஷிரகாவா, மெக்டயர்மிட், ஹீகர் ஆகியோர் பாலிஅசெட்டிலீன் என்னும் பலபடியை அயோடின் ஆவியில் வைத்தபோது, அதன் கடத்துதிறன் பல இலட்சம் மடங்கு உயர்ந்தது. 2000-இல் அவர்களுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இத்தகைய பலபடி கரிமச் சூரிய மின்கலத்தில் பயன்படுவது குறித்து வகுப்புக் கருத்தரங்கில் பேசினேன். "ஒளியை ஏற்று மின்சாரம் தருவது நடுப்படலம். மின்சாரம் தராத இந்த இடைப்படலம் எதற்கு?" என்று பேராசிரியர் கேட்டார். விடை தெரியாமல் விழித்தேன். பின்னர் நூலகத்தில் தேடிக் கண்ட விடையே இக்கட்டுரை.

நடுப்படலத்தில் ஒளி விழுந்ததும் எலக்ட்ரானும் துளையும் பிரிகின்றன. எலக்ட்ரான் அலுமினிய மின்வாய்க்கும், துளை கண்ணாடி மேலுள்ள இண்டியம் வெள்ளீய ஆக்சைடு மின்வாய்க்கும் செல்ல வேண்டும். ஆனால் இந்த ஆக்சைடின் பரப்பு மேடு பள்ளமானது. அதன் வெளியேற்று ஆற்றல் ஏறத்தாழ 4.7 எலக்ட்ரான் வோல்ட்; துளையின் ஆற்றல் மட்டத்தோடு அது நன்கு பொருந்துவதில்லை. எனவே துளைகள் தேங்கி, எலக்ட்ரான்களோடு மீண்டும் சேர்ந்து வீணாகின்றன.

இவ்விடத்தில் 'பெடாட்-பி.எஸ்.எஸ்.' என்னும் பலபடிக் கலவையை நீரில் கரைசலாக்கி, சுமார் 40 நானோமீட்டர் தடிப்பில் பூசி உலர்த்துகின்றனர். பரப்பு சமனாகிறது. இதன் வெளியேற்று ஆற்றல் ஏறத்தாழ 5 எலக்ட்ரான் வோல்ட் ஆதலால், துளைகள் எளிதில் கடக்கின்றன. களத்திலிருந்து வண்டிக்கு மூட்டை ஏற்றப் பலகை போடுகிறோம் அல்லவா? பலகையில் நெல் விளைவதில்லை. ஆயினும் அது இல்லாவிட்டால் மூட்டை ஏறுவது கடினம்.

ஆனால் இப்பலகையிலும் ஒரு குறை உண்டு. இக்கலவை அமிலத் தன்மையுடையது. காற்றின் ஈரத்தையும் ஈர்க்கும். நாளடைவில் இது ஆக்சைடை அரிக்க, இண்டியம் கசிந்து நடுப்படலத்தைக் கெடுக்கிறது. முதல் நாள் உதவிய படலமே பின்னர் கலத்தின் ஆயுளைக் குறைக்கிறது! எனவே மாலிப்டினம் ஆக்சைடைப் பயன்படுத்தியும், படலங்களின் வரிசையைத் தலைகீழாக்கியும் மாற்றுவழி கண்டுள்ளனர்.

1986-இல் டாங் வெளியிட்ட இரு படலக் கலத்தின் திறன் சுமார் 1 விழுக்காடே. இன்று ஆய்வகச் சிறு கலங்கள் 20 விழுக்காட்டை எட்டியுள்ளன. எனினும் கூரைமேல் பல்லாண்டு நிலைத்தால்தான் அத்திறனால் பயன். அதைத் தீர்மானிப்பதில், மின்சாரமே தராத அந்த மெல்லிய படலத்திற்கும் பங்கு உண்டு. பேராசிரியருக்கு நான் அன்று சொல்லாத விடை இதுவே.