ஒரு அங்குலம் போதும், தம்பி

பழைய டட்சன் 620க்குப் பெரிய ரிம் போடப்போகிறாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். சந்தோஷம்தான். சிங்கப்பூரில் சரக்கு வண்டிக்கு இருபது வருஷம்தான் ஆயுள் என்பதால், 1970களின் பிக்கப் ஒன்றைத் தேடி நீ ஜொகூர் தோட்டப்புறம் வரை அலைந்திருக்கிறாய். வாங்கிய பிறகும் அதைக் காஸ்வே தாண்டி இங்கே கொண்டுவந்து ஓட்ட உனக்கு வழியில்லை. இங்கே குடியிருக்கிறவன் மலேசியப் பதிவு வண்டியை இங்கே ஓட்டக் கூடாது. சனி, ஞாயிறு அங்கே போய்த்தான் ஓட்டப்போகிறாய். இவ்வளவு தெரிந்தும் வாங்கினாய் என்றால் அது ஆசை மட்டும் இல்லை, பிரியம். பிரியம் வைத்தவனிடம்தான் நாலு வார்த்தை சொல்லலாம். பட்டறையில் கழிந்த காலத்திலிருந்து எடுத்துச் சொல்கிறேன், பொறுமையாகக் கேள்.

1. முதல் மூன்று மாதம் எதையும் மாற்றாதே. இருக்கிற 14 அங்குல இரும்பு ரிம்மிலேயே ஓட்டு. 620 வந்தது 1972இல், கடைசி வண்டி 1979. உன் வண்டிக்கு உன்னைவிட வயது அதிகம். தோட்டத்தில் அது என்ன சுமந்தது, எந்த மண் ரோட்டில் உழன்றது என்று விற்றவர் எல்லாவற்றையும் சொல்லியிருக்க மாட்டார். வண்டியே சொல்லும். எந்த வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்குகிறது, பிரேக் மிதித்தால் எந்தப் பக்கம் இழுக்கிறது, வளைவில் முன்சக்கரத்திலிருந்து என்ன சத்தம் வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வை. ஜாலான் புசார் பக்கம் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த சீனப் பெரியவர், புது ரிம் கேட்டு வருகிறவரிடம் முதலில் சாவியைத்தான் கேட்பார். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, “இந்த வண்டிக்கு வேண்டியது ரிம் இல்லை, பேரிங்” என்று திருப்பி அனுப்பிய நாட்கள் உண்டு. அன்றைக்கு வியாபாரம் போகும். ஆனால் அதே ஆள் தன் தம்பி வண்டியையும் மாமனார் வண்டியையும் கூட்டிக்கொண்டு வருவார்.

2. யார் கண்ணுக்காக மாற்றுகிறாய் என்று உன்னையே கேட்டுக்கொள். வேலைக்குப் போக நீ தினமும் டோபி காட்டில் இறங்குகிறாய். வெளியே வந்து பிராஸ் பாசா பக்கம் நடந்தால், பழைய மலாயன் மோட்டார்ஸ் காட்சிக்கூடம் இருந்த கட்டடத்தைப் பார்க்கலாம். 1920களில் எழுந்தது. அதற்கு முன்னால் அங்கே ஓடிய ஓடையின் கரையில் துணி வெளுத்தவர்கள் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். அவர்கள் வேட்டி உலர்த்திய வட்டாரம், பிறகு பளபளப்பான மோட்டார் கார்களைக் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்திவைத்த வட்டாரமாக மாறியது. ஆர்ச்சர்ட் சாலை நெடுக ஷோரூம்கள். அங்கே நின்ற வண்டிகளின் வேலை நிற்பதுதான். பிக்கப் அங்கிருந்து கால் மணி நடை தூரத்தில், தேக்காவில் வேலை செய்தது. 1982இல் இப்போதைய கட்டடம் வருமுன் இருந்த பழைய கண்டாங் கெர்பாவ் சந்தையில் விடியுமுன் வெங்காய மூட்டை இறக்கும்போது, பின்பக்க லீஃப் ஸ்பிரிங் மூட்டைக்கு மூட்டை கொஞ்சம் கொஞ்சமாக எழும்பும். அந்த ஸ்பிரிங்கும் உயரமான டயரும் சேர்ந்துதான் அந்த வண்டியின் அழகு. சுவரில் மாட்டிவைத்த ரிம்மைப் பார்த்து மயங்கும்போது இதை நினைத்துக்கொள்.

3. கண்ணை நம்பாதே, எண்ணை நம்பு. இது கொஞ்சம் நீளம், ஆனால் இதில்தான் விஷயம் இருக்கிறது. ரிம் பெரிதாகலாம், டயரோடு சேர்ந்த மொத்த உயரம் மாறக் கூடாது. மூன்று சதவீதத்துக்கு மேல் போனால் வேறு தொல்லைகள் ஆரம்பிக்கும். இந்த வகை வண்டிக்கு நம் பக்கத்தில் பரவலாகப் போடுவது 185ஆர்14சி. அதன் மொத்த விட்டம் ஏறக்குறைய 652 மில்லிமீட்டர். 16 அங்குலத்தில் 205/60 டயர் போட்டால் அதுவும் 652. கணக்கு அச்சாக வந்துவிட்டது என்று கடைக்காரர் கைதட்டுவார், நீயும் பணத்தை எடுப்பாய். அங்கேதான் நில். டயரின் பக்கச்சுவரில் அளவுக்குப் பக்கத்திலேயே இன்னொரு எண் இருக்கும், சுமை எண். எட்டு பிளை 185ஆர்14சி டயரில் அது 102, அதாவது முழுக் காற்றில் ஒரு டயர் 850 கிலோ தாங்கும். சாதாரண 205/60ஆர்16 கார் டயரில் அது 92, அதாவது 630 கிலோ. பின்னால் இரண்டு டயரையும் சேர்த்தால் 440 கிலோ தாங்கும் சக்தியைக் கழற்றிக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறாய். ஐம்பது கிலோ அரிசி மூட்டைகள் கிட்டத்தட்ட ஒன்பது. பார்க்க வண்டி முன்னைவிட வலுவாகத் தெரியும். உள்ளுக்குள் அது நோஞ்சான்.

சுமை டயராகவே வாங்குகிறேன் என்று 195/75ஆர்16சி பக்கம் போகாதே. விட்டம் 699 ஆகிவிடும், ஏழு சதவீதம் கூடுதல். மீட்டர் 70 காட்டும்போது நீ 75இல் போய்க்கொண்டிருப்பாய். சின்ன எஞ்சின் மேட்டில் திணறும், ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் மட்கார்டில் உரசும்.

என்னிடம் கேட்டால் 15 அங்குலம், 195/70ஆர்15சி. விட்டம் 654, பழைய டயரைவிட இரண்டே மில்லிமீட்டர்தான் கூடுதல். சுமை எண் 104, ஒரு டயருக்கு 900 கிலோ. டயரின் பக்கச்சுவரும் 136 மில்லிமீட்டருக்கு மேல் நிற்கிறது, குழியில் விழுந்தால் ரிம் எளிதில் அடிபடாது. ஒரே ஒரு அங்குலம்தான் ஏறியிருக்கிறது, எல்லாக் கணக்கும் நேராகிறது. உன் நண்பர்கள் 17 எங்கே, 18 எங்கே என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

4. பொருந்துவது வேறு, சேர்வது வேறு. உன் 620க்கு ஆறு போல்ட், 139.7 மில்லிமீட்டர் வட்டம். இன்றைய ஹைலக்ஸுக்கும் அதே ஆறு போல்ட், அதே வட்டம்தான். அதனால் ஹைலக்ஸிலிருந்து கழற்றிய 17 அங்குல ரிம் சல்லிசாகக் கிடைக்கும்போது உன் கை துறுதுறுக்கும். போல்ட் ஓட்டை ஒத்துப்போகும், ஆனால் ஆஃப்செட் ஒத்துப்போகாது. புது வண்டி ரிம் 30 மில்லிமீட்டரை ஒட்டி உள்ளே தள்ளி உட்காரும்படி செய்தது, அகலமும் கூட. பழைய வண்டியில் மாட்டினால் பின்பக்க டயரின் உள்விளிம்பு லீஃப் ஸ்பிரிங்கைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அதைச் சரிக்கட்ட நடுவில் தடிமனான ஸ்பேசர் வைப்பார்கள், அப்புறம் டயர் மட்கார்டுக்கு வெளியே நீளும். வெளியே நீளும் டயரைக் காஸ்வேக்கு அந்தப் பக்கமும் விடமாட்டார்கள், இந்தப் பக்கமும் விடமாட்டார்கள். சட்டம் இருக்கட்டும், மழையில் அது பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரர் முகத்தில் சேற்றை வாரி அடிக்கும். நீ அப்படிப்பட்ட பிள்ளை இல்லை.

இன்னொன்று. டட்சன் ஸ்டட்டின் மரை இடைவெளி 1.25 மில்லிமீட்டர், டொயோட்டாவுக்கு 1.5. தடிமன் இரண்டுக்கும் 12 மில்லிமீட்டர்தான் என்பதால், ரிம்மோடு வந்த டொயோட்டா நட் உன் ஸ்டட்டில் ஒன்றிரண்டு சுற்று ஏறும், பிறகு கெட்டிப்படும். நன்றாக முறுக்கேறுகிறது என்று நினைத்து ஸ்பானர்மேல் காலை வைத்து மிதிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே முறுக்கு ஏறவில்லை, மரை கிழிந்துகொண்டிருக்கிறது. எந்த நட்டையும் முதலில் வெறும் விரலால் கடைசிவரை ஏற்று. விரலுக்கு வராதது ஸ்பானருக்கும் வரக் கூடாது.

5. கையில் இருக்கும் முதல் காசு ரிம்முக்கு இல்லை. ஆரம்பகால 620களில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். இறுக்கமான இரும்பு ரிம்முக்குள் அந்த டிரம் மறைந்திருக்கும். அகலத் திறந்த ஸ்போர்ட்ஸ் ரிம் மாட்டிப் பார், உள்ளே சின்னதாக, துருவேறி, தனியாகத் தெரியும். எடை கூடிய சக்கரத்தை நிறுத்த வேண்டியதும் அதே டிரம்தான். ஆகவே முதலில் பிரேக் ஷூ, சிலிண்டர், ஹோஸ். அடுத்து முன்பக்கக் கிங்பின். வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் கைவைத்து ஆட்டிப் பார். ‘டக் டக்’ என்று அசைந்தால் அதைச் சரிசெய்த பிறகுதான் மற்றது. ரிம் வெளியே தள்ளத் தள்ள அந்தக் கிங்பின்மேல்தான் பாரம் ஏறும். யாருக்கும் தெரியாத இடத்தில் செலவழிக்க மனசு வராது, எனக்குத் தெரியும். அந்த மனசைப் பழக்கு. வண்டி வைத்திருப்பதில் நீ கற்றுக்கொள்ளப்போகும் பெரிய பாடம் அதுதான்.

6. வாங்கும்போது கூச்சப்படாதே. ரிம்மின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கக் கேள். ஜப்பான் தரத்தில் செய்தது என்றால் ஜே.டபிள்யூ.எல். என்ற முத்திரை இருக்கும். லாரி, பஸ் ரகத்துக்கானது என்றால் கடைசியில் டி சேர்ந்து, ஜே.டபிள்யூ.எல்.-டி என்றிருக்கும். உனக்கு வேண்டியது அது. பழைய ரிம் என்றால் உள்விளிம்பை ஈரத்துணியால் துடைத்துவிட்டு விரல்நுனியால் சுற்றிலும் தடவிப் பார். வெல்டிங் வைத்துத் தேய்த்த இடம் கண்ணுக்குத் தப்பும், விரலுக்குத் தப்பாது. டயரில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பூப்போன்ற டயரும் பத்து வருஷம் கிடங்கில் கிடந்திருந்தால் வேண்டாம். பார்க்க விடாத கடையில் வாங்காதே. பார்க்க விட்ட கடைக்காரரிடம் அடிமாட்டு விலை பேசாதே, நாளைக்கு அலைன்மெண்ட்டுக்கு அவரிடம்தான் போய் நிற்கப்போகிறாய்.

7. அமெரிக்கப் படங்களைப் பார்த்து உன் வண்டியை அளக்காதே. செவ்ரோலே சி10 என்பது எட்டு சிலிண்டர் எஞ்சினைத் தாங்கும் பெரிய உடம்பு, அகன்ற சக்கரக் குழி. 20 அங்குல ரிம்மை விழுங்கிக்கொண்டு நிற்கும். அது அந்த ஊர் வண்டி, அந்த ஊர் ரோடு.

8. பின்தட்டில் யாரையும் ஏற்றாதே. புது ரிம் மாட்டிய அன்றைக்கு அத்தை பிள்ளைகள் எல்லாம் தட்டில் ஏறிக்கொண்டு ஒரு ரவுண்டு போகலாம் என்பார்கள். லிட்டில் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமை மாலை லாரித் தட்டிலிருந்து குதித்து இறங்கும், வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்த தம்பிகளை நீ பார்த்திருப்பாய். அவர்களுக்கு வேறு வழி கிடைப்பதில்லை, அதனால் போகிறார்கள். அதைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு கலங்கும். வழி இருக்கிறவன் அதை விளையாட்டாகச் செய்யலாகாது. வளைவில் வண்டி எவ்வளவு சாய்கிறது என்று உனக்கே இன்னும் தெரியாத நாளில் நிச்சயமாகக் கூடாது. கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

9. மாட்டிய அன்றே வேலை முடிந்துவிட்டது என்று நினைக்காதே. நட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக முறுக்கு. கடைசி முறுக்கைக் காற்றுத் துப்பாக்கிக்கு விடாதே, டார்க் ரெஞ்சை எடுத்துக் கையேட்டில் உள்ள அளவுக்கு நீயே முறுக்கு. நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு மறுபடி பார், அலுமினிய ரிம் உட்கார்ந்து நட் தளர்ந்திருக்கலாம். முதல் வாரம் ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில், ரேடியோவை அணைத்துவிட்டு ஓட்டு. இடதுபக்கம் முழு ஒடிப்பு, வலதுபக்கம் முழு ஒடிப்பு, பாரத்தோடு ஒரு தடவை, பாரமில்லாமல் ஒரு தடவை. உரசல் சத்தம் கேட்டால் மட்கார்டை வெட்டாதே, ரிம்மைக் கழற்று. வெட்டிய தகடு திரும்ப வளராது.

கழற்றிய அந்த நாலு இரும்பு ரிம்மையும் ஸ்பேர் சக்கரத்தையும் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதே. துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, எது எந்த மூலையில் இருந்தது என்று சாக்பீஸால் எழுதி, நட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு, வண்டி நிற்கும் ஜொகூர் வீட்டுக் கொட்டகையில் தரை படாமல் பலகைமேல் அடுக்கி வை. அடுத்த மாதம் நான் வருகிறேன். டேப்பும் ஜாக்கியும் எடுத்துவை, கிங்பின்னை இரண்டு பேருமாகப் பார்ப்போம்.