கூடப்பிறந்தவனா, அரசாணையா?

கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் சோஃபக்ளிஸ் எழுதிய நாடகம் 'ஆன்டிகனி'. தீப்ஸ் நகரத்து மேல படையெடுத்து வந்து செத்துப்போன பாலினைசிஸை யாரும் அடக்கம் செய்யக் கூடாது, மீறினால் மரணம் என்று அரசன் கிரியான் உத்தரவு போடுகிறான். கூடப்பிறந்த ஆன்டிகனி துணிந்து மண் போடுகிறாள். கடைசியில் அவளும் சாகிறாள். கிரியானோட மகனும் மனைவியும் சாகிறார்கள். இத்தனைக்கும் கிரியான் அவளுக்குத் தாய்மாமன்!

பழைய கதைதானேன்னு விட்டுடாதீங்க. குற்றவாளின்னு தெரிஞ்சே ஒருத்தரைத் தண்டனையிலிருந்து காப்பாத்த ஒளிச்சு வெச்சா, பாரதிய நியாய சன்ஹிதா 249-ஆம் பிரிவுப்படி குற்றம். ஒளித்தது கணவனோ மனைவியோ என்றால் விலக்கு உண்டு. அம்மாவுக்கும் அக்காவுக்கும் கிடையாது.

நம்ம சேதராப்பட்டு 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். பிரான்ஸின் 1810 தண்டனைச் சட்டம் பெற்றோர், பிள்ளைகள், கூடப்பிறந்தவர்களுக்கும் இந்த விலக்கைக் கொடுத்தது.

ஆக, சட்டத்துக்கும் பாசம் தெரியும். கோட்டை எங்கே போடுவது என்பதில்தான் வித்தியாசம். கிரியான் உத்தரவில் தங்கச்சிக்குக்கூட இடமில்லை. தேடப்படுற உங்க அண்ணன் ராத்திரி கதவைத் தட்டினால்? நீங்க சட்டம் எழுதினா, கோட்டை எந்த உறவோட நிறுத்துவீங்க?