பெயரைத் தேடி



ஒரு கேள்வி. உங்கள் தாத்தாவின் பெயர் என்ன? உடனே சொல்லிவிடுவீர்கள். அவருடைய தாத்தாவின் பெயர்? யோசிக்கிறீர்கள் அல்லவா?

எங்கள் கற்போர் மையத்துக்கு ஒரு பாட்டி வருகிறார். தம் பெயரை எழுதக் கற்ற அன்று என்னிடம் சொன்னார்: “கண்ணு, என் பேரு எழுத வந்திருச்சு. எங்க ஆத்தா பேரையும் எழுதிக் காட்டு. அவ பேரு எந்தக் காகிதத்திலயும் இல்ல.”

எழுதிக் காட்டினேன். பாட்டி அதைப் பார்த்து மூன்று முறை எழுதினார்.

இந்தப் பாடம் அமெரிக்காவில் உள்ள கறுப்பின மக்களைப் பற்றியது. காகிதத்தில் இல்லாத பெயர்களை அவர்கள் எப்படித் தேடுகிறார்கள்? நூலகமும் இணையமும் அதற்கு எப்படி உதவுகின்றன? வாருங்கள், படிப்போம்.

பெயர் இல்லாத பட்டியல்

1619ஆம் ஆண்டு. இருபதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க மக்களைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா கரையில் விற்றார்கள். அதன் பிறகு கப்பல் கப்பலாக மக்கள் வந்தார்கள். தாமாக வரவில்லை. பிடித்துக் கட்டிக் கொண்டுவரப்பட்டார்கள். புகையிலைத் தோட்டத்திலும் பருத்திக் காட்டிலும் கூலியில்லாமல் உழைத்தார்கள். அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளும் அடிமைகளே. தாயை ஓர் ஊரில் விற்பார்கள். பிள்ளையை இன்னோர் ஊரில் விற்பார்கள்.

1860இல் அமெரிக்காவில் சுமார் 40 லட்சம் பேர் அடிமைகளாக இருந்தார்கள். அந்த ஆண்டு மக்கள்தொகைக் கணக்கு எடுத்தார்கள். அடிமைகளுக்குத் தனிப் பட்டியல். அதில் முதலாளியின் பெயர் இருக்கும். அதன் கீழே என்ன இருக்கும் தெரியுமா? வயது, ஆணா பெண்ணா, நிறம். அவ்வளவுதான். பெரும்பாலும் பெயர் இருக்காது.

ஒரு மனிதர் வாழ்ந்தார், உழைத்தார், இறந்தார். பட்டியலில் அவர் “ஆண், 30 வயது” மட்டும்தான்.

படித்தால் தண்டனை

தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லித் தருவது குற்றம். 1740இலேயே தென் கரோலினாவில், அடிமைக்கு எழுதக் கற்பிப்பதற்குச் சட்டம் தடை போட்டது. 1830க்குப் பிறகு வேறு மாநிலங்களிலும் இத்தகைய சட்டங்கள் வந்தன. கற்பித்தவருக்கு அபராதம். கற்ற அடிமைக்குக் கசையடி.

ஏன் இந்தப் பயம்? படித்தவர் செய்தித்தாளைப் படிப்பார். அனுமதிச் சீட்டைத் தாமே எழுதிக்கொண்டு தப்பிப்பார். ‘நான் ஏன் அடிமை?’ என்று கேட்பார்.

பிரெடெரிக் டக்ளஸ் என்ற சிறுவன் பால்டிமோர் நகரில் ஒரு வீட்டில் அடிமையாக இருந்தான். வீட்டு எஜமானி அவனுக்கு அகரவரிசை சொல்லித் தந்தார். கணவர் அதைத் தடுத்தார். படித்த அடிமை அடிமையாக இருக்கமாட்டான் என்பது அவர் எண்ணம். சிறுவன் அந்தப் பேச்சைக் கேட்டான். விடுதலைக்கு வழி எது என்று அன்றே அவனுக்குப் புரிந்தது. தெருவில் விளையாடும் ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டி கொடுத்தான். பதிலுக்கு அவர்களிடம் எழுத்துக் கற்றான். 1838இல் தப்பித்தார். 1845இல் தம் வாழ்க்கைக் கதையைப் புத்தகமாக எழுதினார். அந்தப் புத்தகத்தை இன்றும் உலகம் படிக்கிறது.

தொலைந்தவர்கள் எங்கே?

1865இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. விடுதலை பெற்றவர்கள் முதலில் என்ன செய்தார்கள்? இரண்டு வேலைகள் செய்தார்கள். ஒன்று, படிக்கப் போனார்கள். பாட்டியும் பேத்தியும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள். இரண்டு, விற்கப்பட்ட உறவுகளைத் தேடினார்கள்.

செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தார்கள். ‘என் தாயைத் தேடுகிறேன். இன்ன ஊரில், இன்னாரிடம் இருந்தோம். என்னை விற்றபோது நான் சிறு பிள்ளை.’ இந்த வகையில் விளம்பரங்கள் இருந்தன. நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஒரு கிறிஸ்தவ இதழ் வெளிவந்தது. அதில் ‘தொலைந்த நண்பர்கள்’ என்று இதற்கென்றே ஒரு பகுதி. பலருக்குப் படிக்கத் தெரியாது. ஆகவே தேவாலயத்தில் போதகர் உரக்கப் படித்துக் காட்டுவார். கூட்டத்தில் யாராவது ‘அது நான்தான்’ என்று எழுந்து நிற்கமாட்டார்களா என்ற ஏக்கம்.

மிகச் சிலரே மீண்டும் சேர்ந்தார்கள். விளம்பரங்கள் மட்டும் அழியாமல் இருந்தன. 1879 முதல் 1900 வரை அந்த இதழில் வந்த விளம்பரங்களை இன்று இணையத்தில் படிக்கலாம். அன்று ஒரு மகன் தாயைத் தேடிக் கொடுத்த விளம்பரம், இன்று அவன் கொள்ளுப்பேரனுக்குக் குடும்பத்தின் முகவரியாகிறது.

சுரங்கத்தில் படித்துக் காட்டிய இளைஞர்

கார்ட்டர் உட்சன் 1875இல் பிறந்தார். தாயும் தந்தையும் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். வறுமையால் உட்சன் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தார். அங்கே ஆலிவர் ஜோன்ஸ் என்ற தொழிலாளி இருந்தார். அவர் உள்நாட்டுப் போரில் போரிட்டவர். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அவர் வீட்டில் புத்தகங்கள் இருந்தன! மாலையில் சுரங்கத் தொழிலாளர்கள் அங்கே கூடுவார்கள். உட்சன் செய்தித்தாளையும் புத்தகங்களையும் படித்துக் காட்டுவார். பிறகு எல்லோரும் பேசுவார்கள், வாதம் செய்வார்கள்.

தம் மக்களின் வரலாற்றில் உட்சனுக்கு ஆர்வம் வந்தது அங்கேதான். 20 வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். 1912இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். 1926இல் பிப்ரவரி மாதம் ஒரு வாரத்தைக் கறுப்பின வரலாற்று வாரமாகக் கொண்டாடத் தொடங்கினார். 1976 முதல் அது ஒரு மாதமாக வளர்ந்துவிட்டது.

படிக்கத் தெரியாத ஒருவர் புத்தகம் வாங்கி வைத்தார். அதனால் ஒரு வரலாற்று அறிஞர் உருவானார். வயது போய்விட்டது, இனி என்ன என்று நினைக்கும் அண்ணா, அக்கா! ஆலிவர் ஜோன்ஸை நினைத்துக்கொள்ளுங்கள்.

‘வரலாறே இல்லை’ என்றார் ஆசிரியர்

ஆர்துரோ ஷொம்பர்க் 1874இல் போர்ட்டோ ரிக்கோ தீவில் பிறந்தார். பள்ளியில் ஓர் ஆசிரியர், கறுப்பின மக்களுக்கு வரலாறு இல்லை, பெரிய மனிதர்களும் இல்லை என்று சொன்னாராம். சிறுவன் மனத்தில் அது முள்ளாகத் தைத்தது.

1891இல் அவர் நியூயார்க் நகரத்துக்கு வந்தார். வேலை செய்தபடியே பழைய புத்தகங்கள், கடிதங்கள், படங்கள் சேர்த்தார். கறுப்பின மக்கள் எழுதியது, அவர்களைப் பற்றி எழுதியது, எதையும் விடவில்லை. 1926இல் நியூயார்க் பொது நூலகம் அந்தச் சேமிப்பை வாங்கியது. கார்னெகி அறக்கட்டளை அதற்கு 10,000 டாலர் கொடுத்தது. 5,000க்கும் மேற்பட்ட புத்தகங்கள் ஹார்லெம் பகுதியின் கிளை நூலகத்துக்கு வந்தன. ஹார்லெம் கறுப்பின மக்கள் நிறைந்து வாழ்ந்த பகுதி.

ஷொம்பர்க் 1938இல் இறந்தார். இன்று அந்த நூலகம் அவர் பெயரில் ஆய்வு மையமாக இருக்கிறது. புத்தகம், படம், ஒலிநாடா என்று ஒரு கோடிக்கும் மேற்பட்ட பொருள்கள் அங்கே உள்ளன. ‘வரலாறு இல்லை’ என்ற ஆசிரியருக்கு அந்த நூலகமே பதில்.

நூலகத்தின் கதவு

எல்லா நூலகங்களும் அப்படித் திறந்திருக்கவில்லை. தென் மாநிலங்களில் பல பொது நூலகங்கள் வெள்ளையருக்கு மட்டுமே. நடத்துவது எல்லோருடைய வரிப்பணத்திலும்தான்!

1939 ஆகஸ்ட் 21. வர்ஜீனியாவின் அலெக்சாண்டிரியா நகரம். ஐந்து கறுப்பின இளைஞர்கள் நூலகத்துக்குப் போனார்கள். உறுப்பினர் அட்டை கேட்டார்கள். கிடைக்கவில்லை. ஆளுக்கு ஒரு புத்தகம் எடுத்தார்கள். தனித்தனி மேசையில் உட்கார்ந்து அமைதியாகப் படித்தார்கள். போலீஸ் வந்து கைது செய்தது. இதைத் திட்டமிட்டவர் சாமுவேல் டக்கர் என்ற இளம் வழக்கறிஞர். அடுத்த ஆண்டு நகராட்சி கறுப்பின மக்களுக்கென்று தனியாக ஒரு சிறு நூலகம் கட்டியது. டக்கர் அதில் சேர மறுத்தார். அவர் கேட்டது ஒதுக்குப்புறமான இடம் அல்ல, சம உரிமை. அந்த ஐவர் மீதான குற்றச்சாட்டை 2019இல்தான் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 80 ஆண்டுகள்!

1959இல் தென் கரோலினாவின் லேக் சிட்டியில் ஒன்பது வயதுச் சிறுவன் புத்தகம் கேட்டான். நூலகர் மறுத்தார். சிறுவன் நகரவில்லை. போலீஸ் வந்தது. தாயும் வந்தார். கடைசியில் புத்தகத்தோடுதான் வீடு திரும்பினான். அவன் பெயர் ரொனால்ட் மெக்னேர். பின்னாளில் விண்வெளி வீரர் ஆனார். 1986இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்தபோது இறந்தார். அவரை மறுத்த அதே நூலகக் கட்டடம் இன்று அவர் பெயரில் நினைவகமாக உள்ளது.

எப்படித் தேடுகிறார்கள்?

இன்று அமெரிக்காவில் ஒரு கறுப்பினக் குடும்பம் தன் முன்னோரைத் தேடுவது எப்படி? படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: வீட்டுப் பெரியவர்களைக் கேட்பது. பெயர், ஊர், தொழில், கோயில், யாருக்கு யார் உறவு என்று எழுதிக்கொள்வார்கள்.

இரண்டாம் படி: மக்கள்தொகைக் கணக்கு. 1950ஆம் ஆண்டின் பட்டியல் வரை இணையத்தில் பார்க்கலாம். அங்கிருந்து பத்துப் பத்து ஆண்டுகளாகப் பின்னோக்கிப் போவார்கள். 1890ஆம் ஆண்டுப் பட்டியலில் பெரும்பகுதி தீ விபத்தினால் அழிந்துபோனது. அதைத் தாண்டி 1880, பிறகு 1870. விடுதலை பெற்ற மக்களின் பெயர்கள் முழுமையாகப் பதிவான முதல் பட்டியல் 1870இல் வந்தது. அதற்கு முன்னே பெயர் இல்லை. இதைத் தேடுபவர்கள் ‘1870 சுவர்’ என்று சொல்கிறார்கள்.

மூன்றாம் படி: சுவரைத் தாண்டுவது. விடுதலை பெற்றவர்களுக்கு உதவ 1865இல் அரசு ஓர் அலுவலகம் அமைத்தது. அது 1872 வரை இயங்கியது. அங்கே திருமணம், கூலி ஒப்பந்தம், பள்ளி, ரேஷன் ஆகியவற்றின் பதிவுகள் உண்டு. எல்லாம் கையெழுத்து. அதில் ஒரு பெயரைத் தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுவது போல. 2015இல் ஒரு திட்டம் தொடங்கியது. 25,000க்கும் மேற்பட்ட தொண்டர்கள் அந்தப் பக்கங்களைக் கணினியில் பார்த்துப் படித்தார்கள். சுமார் 18 லட்சம் பெயர்களை அட்டவணை ஆக்கினார்கள். யாருக்கும் சம்பளம் இல்லை. எழுத்தறிந்தவர்கள் எழுத்தால் செய்த சேவை அது.

நான்காம் படி: முதலாளிகளின் காகிதங்கள். உயில், விற்பனைச் சீட்டு, சொத்துப் பட்டியல். இதில் அடிமைகளின் பெயர் சில நேரம் இருக்கும். மாடு, குதிரை, கலப்பை வரிசையில் மனிதரின் பெயரும் விலையும் இருக்கும். தேடியவருக்கு மகிழ்ச்சியும் அழுகையும் சேர்ந்து வரும்.

சொன்னதையும் சொல்லாததையும் படிக்க வேண்டும்

1936 முதல் 1938 வரை அரசு எழுத்தாளர்களை ஊர் ஊராக அனுப்பியது. அடிமையாக வாழ்ந்த முதியவர்களைச் சந்தித்துப் பேசினார்கள். 2,300க்கும் மேற்பட்ட வாழ்க்கைக் கதைகள் கிடைத்தன. வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இவற்றை 500 படங்களுடன் இணையத்தில் இலவசமாக வைத்துள்ளது.

இதில் ஒன்று கவனிக்க வேண்டும். கேள்வி கேட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். முதியவர்கள் வறுமையில் இருந்தார்கள். பழைய முதலாளியின் குடும்பம் அதே ஊரில் இருக்கும். உண்மையை எல்லாம் சொல்லிவிட முடியுமா? ஆகவே அச்சில் இருப்பது எல்லாம் முழு உண்மை என்று நம்பிவிடக் கூடாது. யார் எழுதினார்? யாரிடம் கேட்டார்? எதை விட்டுவிட்டார்? இந்த மூன்று கேள்விகளையும் கேட்டுப் படிக்க வேண்டும். எந்தப் புத்தகத்துக்கும் இது பொருந்தும். இந்தப் புத்தகத்துக்கும்தான்!

நாம் என்ன செய்யலாம்?

எழுத்து இல்லாதபோது பெயர் தொலைந்தது. எழுத்து வந்தபோது தேட முடிந்தது. பொது நூலகம் எல்லோருக்கும் திறந்தபோது வரலாறு எல்லோருக்கும் சொந்தமானது.

உங்கள் ஊரில் நூலகம் இருக்கிறதா? ஒருமுறை உள்ளே போங்கள். தயங்க வேண்டாம். அது உங்கள் நூலகம். ஒரு நோட்டு வாங்குங்கள். வீட்டில் வயதில் மூத்தவர் அருகில் உட்காருங்கள். அவர் சொல்லும் பெயர்களை எழுதுங்கள். பிழை வந்தால் வரட்டும், திருத்திக்கொள்ளலாம். எழுதாமல் விட்டால்தான் திருத்த முடியாது.

எங்கள் மையத்துப் பாட்டியின் நோட்டில் இப்போது பதினோரு பெயர்கள் இருக்கின்றன. முதல் வரியில் அவருடைய ஆத்தாவின் பெயர்.

சொற்பொருள்

அடிமை – பிறருக்கு உடைமையாக்கப்பட்டு, கூலியும் உரிமையும் இன்றி உழைப்பவர்
உயில் – இறந்த பின் சொத்து யாருக்கு என்று எழுதிவைக்கும் பத்திரம்
கசை – சாட்டை
அட்டவணை – வரிசைப்படுத்திய பட்டியல்

கலந்து பேசுங்கள்

1. அடிமைகள் படிப்பதைக் கண்டு முதலாளிகள் ஏன் பயந்தார்கள்?
2. டக்கர் புதிய நூலகத்தில் சேர மறுத்தது சரியா? உங்கள் கருத்து என்ன?
3. ‘1870 சுவர்’ என்றால் என்ன?
4. உங்கள் குடும்பத்தில் எந்தக் காகிதத்திலும் இல்லாத பெயர் எது? அதை இங்கே எழுதுங்கள்.

..............................................